பந்துக்கு முன் பந்தி: டெயில்கேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கிரீன் பே நகரத்திலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறோம். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் போதும், வேலைக்காக இந்தப் பக்கம் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களிடமிருந்து போன் வர ஆரம்பிக்கும். "ஆபீஸ்ல டெயில்கேட்டுக்குக் கூப்பிடறாங்க, அது என்னங்க? கையில என்ன எடுத்துட்டுப் போகணும்? நாங்க சாப்பிடற மாதிரி ஏதாவது இருக்குமா?" பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரும் இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

டெயில்கேட் என்றால் என்ன?

லாரியில் சரக்கு இறக்கும்போது கொக்கியைக் கழற்றிப் பின்பலகையைக் கீழே சாய்ப்பார்கள் அல்லவா? பிக்கப் டிரக்கிலும் அப்படி ஒரு பின்கதவு உண்டு. அதற்குப் பெயர்தான் டெயில்கேட். அதைச் சாய்த்தால் இடுப்பு உயரத்தில் ஒரு மேசை கிடைத்துவிடும். ஆட்டம் தொடங்க நான்கைந்து மணி நேரம் இருக்கும்போதே ஸ்டேடியம் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி, அந்த மேசையில் பாத்திரங்களைப் பரப்பி, பக்கத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருமாகச் சாப்பிடுவதைத்தான் டெயில்கேட்டிங் என்கிறார்கள். இப்போது பலர் சாதாரணக் காரில்தான் வருகிறார்கள். மடக்கு மேசை, மடக்கு நாற்காலி, கூடாரத் துணி எல்லாம் டிக்கியில் அடங்கிவிடும். பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது.

இது எந்தக் கால்பந்து?

அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோள்கவசம். காலால் உதைப்பது குறைவு, கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் அதிகம். தொழில்முறை லீக் செப்டம்பரில் தொடங்கி, இறுதி ஆட்டத்தையும் சேர்த்தால் பிப்ரவரி வரை போகும். ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. கல்லூரி ஆட்டங்களுக்குச் சனிக்கிழமை. ஒரு அணிக்கு லீக் சுற்றில் மொத்தமே 17 ஆட்டங்கள்தான், அதில் சொந்த ஊரில் நடப்பவை எட்டு அல்லது ஒன்பது. இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் ஒவ்வொன்றும் திருவிழா மாதிரி ஆகிவிடுகிறது.

இந்தப் பழக்கம் எப்போது, எங்கே தொடங்கியது?

இதற்கு உரிமை கோராத ஊர் இல்லை. 1861இல் உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை வாஷிங்டனுக்கு அருகே நடந்தபோது, அதை வேடிக்கை பார்க்க ஜனங்கள் குதிரை வண்டியில் சாப்பாட்டுக் கூடையோடு போனார்கள். சிலர் அங்கிருந்து கதையை ஆரம்பிக்கிறார்கள். 1869 நவம்பர் 6ஆம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் கல்லூரி ஆட்டத்தில் தொடங்கியது என்பவர்களும் உண்டு. கிரீன் பேக்காரர்களைக் கேட்டால், தங்கள் பேக்கர்ஸ் அணி பிறந்த 1919லேயே விவசாயிகள் டிரக்கை மைதானத்தோரம் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தி, பின்பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டபடி ஆட்டம் பார்த்தார்கள் என்பார்கள்.

என்னைக் கேட்டால், கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது உலகம் முழுக்க உள்ள பழக்கம், அதற்குத் தனியாக ஒரு பிறந்த ஊர் தேவையில்லை. இன்று நாம் பார்க்கும் டெயில்கேட்டுக்கு மூன்று பொருட்கள் வேண்டும்: வீட்டுக்கு ஒரு கார், தூக்கிக்கொண்டு போகக்கூடிய கரி அடுப்பு, ஸ்டேடியத்தைச் சுற்றிப் பரந்த பார்க்கிங். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வருடங்களில்தான் இந்த மூன்றும் சாதாரணக் குடும்பங்களுக்குச் சேர்ந்து கிடைத்தன. கிரீன் பேயின் லேம்போ ஃபீல்ட் ஸ்டேடியம் திறக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான், 1957இல்.

எத்தனையோ பெரிய நகரங்கள் இருக்க, கிரீன் பேயை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஊரின் மக்கள்தொகை சுமார் 1,07,000. ஸ்டேடியத்தில் 81,000க்கும் மேல் உட்காரலாம். ஆட்டத்தன்று ஊரே அங்கேதான் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. நியூயார்க், சிகாகோ அணிகளுக்குக் கோடீஸ்வர முதலாளிகள் உண்டு. கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு முதலாளி கிடையாது. 1923 முதல் அது பங்குதாரர்களின் சொத்து. ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பங்குப் பத்திரம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்குக்கு லாபத்தில் பைசா வராது, வெளியே விற்கவும் முடியாது. கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டிவைப்பதற்காகவே வாங்குகிறார்கள். 1960 முதல் சீசன் டிக்கெட் ஒன்றுகூட மிஞ்சியதில்லை. காத்திருப்போர் பட்டியலில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, பிறந்த குழந்தையின் பெயரையும் அதில் எழுதிவைக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். இந்த அணியின் பெயரே சாப்பாட்டுக் கம்பெனியிலிருந்து வந்தது. 1919இல் கர்லி லேம்போ என்ற இளைஞர் இறைச்சியை டின்னில் அடைக்கும் இந்தியன் பேக்கிங் கம்பெனி என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தார். அணி தொடங்கச் சீருடைக்குப் பணம் கேட்டபோது கம்பெனி 500 டாலர் கொடுத்தது. அந்த நன்றிக்கு வைத்த பெயர்தான் பேக்கர்ஸ். ஸ்டேடியத்துக்கு லேம்போவின் பெயர் வந்தது அவர் இறந்த வருடமான 1965இல்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்? வண்டியை எங்கே நிறுத்துவது?

பகல் 12 மணி ஆட்டம் என்றால் காலை எட்டு மணிக்கே அடுப்புகள் புகைய ஆரம்பித்திருக்கும். ஸ்டேடியத்தின் சொந்த பார்க்கிங்குக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் லேம்போ ஃபீல்ட் ஊருக்கு வெளியே பொட்டல்காட்டில் இல்லை, வீடுகள் வரிசையாக நிற்கும் தெருக்களுக்கு நடுவில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் முன்புறப் புல்வெளியில் பணம் வாங்கிக்கொண்டு வண்டி நிறுத்த விடுகிறார்கள். எங்கள் முதல் டெயில்கேட் அப்படி ஒரு புல்வெளியில்தான். எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் பச்சை மஞ்சள் குல்லா போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து" என்று கைகாட்டி எங்கள் வண்டியை நிற்கவைத்தார். காசை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, "பாத்ரூம் பின்கதவு வழியாகப் போகலாம். ஷூவைக் கழற்றிவிட்டுப் போங்கள்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகச் சொன்ன முதல் அமெரிக்க வீடு எங்களுக்கு அதுதான். இன்றுவரை வருடா வருடம் அங்கேயே நிறுத்துகிறோம். தீபாவளிக்கு அவருக்கு ஒரு டப்பா முறுக்கு போகும்.

முக்கியமான சாப்பாடு என்ன?

விஸ்கான்சினில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: பிராட். முழுப்பெயர் பிராட்வர்ஸ்ட். மசாலா கலந்த பன்றி இறைச்சியைக் குடலுறையில் அடைத்த சாசேஜ். சில கடைகளில் மாட்டிறைச்சியோ கன்றிறைச்சியோ சேர்ப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது. ஜாதிக்காய், மிளகு, சில வீடுகளில் இஞ்சித்தூள், சோம்பு மாதிரி வாசம் வரும் காரவே விதை என்று வீட்டுக்கு வீடு மசாலா மாறும்.

கிரீன் பேயிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் ஷெபாய்கன் என்ற ஊர் இருக்கிறது. பிராட்டுக்கு அதுதான் தலைநகர். மணப்பாறைக்கு முறுக்கு எப்படியோ அப்படி. அந்த ஊர்க்காரர்கள் கரி அடுப்பில் சுடுவதைப் 'பொரிப்பது' என்றுதான் சொல்வார்கள், சொட்டு எண்ணெய் இல்லாவிட்டாலும் சரி. மெத்தென்ற நீள பன்னில் வைத்தால் முகம் சுளிப்பார்கள். மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் உள்ள உருண்டை ரொட்டியை வாங்கி, அதில் இரண்டு பிராட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கரகரப்பான கடுகு சாஸும் வெங்காயமும் போட்டுத் தருவார்கள். தக்காளி கெச்சப் கேட்டால் தருவார்கள்தான், ஆனால் கேட்காமல் இருப்பது நல்லது.

பிராட்டை எப்படிச் சுடுவது? யாராவது கையில் இடுக்கியைக் கொடுத்தால் என்ன செய்வது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, முள்கரண்டி கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் வருடம் என்னிடம் அடுப்பைக் கொடுத்துவிட்டு எல்லோரும் பந்து எறிந்து விளையாடப் போனார்கள். நான் கரண்டியால் குத்திக் குத்தித் திருப்பினேன். குத்திய ஓட்டை வழியாகக் கொழுப்பு கரியில் சொட்டி, தீ முழங்கை உயரம் எழும்பி, பன்னிரண்டு பிராட்டும் வெளியே கருகி உள்ளே வறண்டுபோயின. பக்கத்து வண்டிக்காரர், கார்ஹார்ட் கம்பெனி ஜாக்கெட் போட்ட பெரியவர், ஒரு வார்த்தை குறை சொல்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். கரியை இடுக்கியால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். "தீயில் வைக்காதே, தீயின் பக்கத்தில் வை" என்றார். அந்த வாக்கியத்தை இன்றுவரை மறக்கவில்லை.

அவர் காட்டிய முறை இதுதான். கரி முழுக்கச் சாம்பல் பூத்த பிறகே பிராட்டை வைக்க வேண்டும். மிதமான சூட்டில் இருபது நிமிடம் போல, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை உருட்டிவிட வேண்டும். தோல் தேன் நிறத்திலிருந்து முந்திரி வறுத்த நிறத்துக்கு வரும். நடுவில் வெப்பமானியைச் செருகினால் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அடுப்பின் ஓரத்தில் ஒரு அலுமினியத் தட்டில் இரண்டு மூன்று கேன் பியர், ஒரு கட்டி வெண்ணெய், வளையமாக நறுக்கிய நான்கு பெரிய வெங்காயம் சேர்த்துக் கொதிக்க விட்டிருப்பார். சுட்ட பிராட் அந்தத் தட்டுக்குள் போகும். எத்தனை மணிக்கு யார் வந்தாலும் சூடாக, காயாமல் இருக்கும். பியரில் வேகவைத்துவிட்டுச் சுடுவதா, சுட்டுவிட்டுப் பியரில் போடுவதா என்று இங்கே அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. சுட்ட பிறகு போடுவதுதான் சரி என்பது என் முடிவு. முதலில் வேகவைத்தால் சாறு முழுக்கப் பியருக்குப் போய்விடுகிறது.

சீஸ் கர்ட் என்று ஒன்று தருகிறார்கள், பல்லில் கீச்கீச் என்கிறது. கெட்டுப்போனதா?

இல்லை, அதுதான் புதிது என்பதற்கு அடையாளம். பாலைத் திரித்துச் சீஸ் செய்யும்போது, அச்சில் அழுத்துவதற்கு முன் கிடைக்கும் துண்டுகள் இவை. பால் புரதமும் கால்சியமும் இறுகப் பின்னியிருக்கும், பல்லில் உரசும்போது அந்தச் சத்தம் வரும். இரண்டு நாள் போனால் பின்னல் தளர்ந்து சத்தம் நின்றுவிடும். அதனால் ஆட்டத்தன்று காலையில் வழியில் உள்ள சீஸ் பண்ணையில் வாங்கிக்கொண்டு வருவார்கள், பை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். மாவில் தோய்த்துப் பொரித்தும் தருவார்கள், பஜ்ஜி பிடித்தவர்களுக்கு அது உடனே பிடித்துவிடும்.

தலையில் மஞ்சள் முக்கோணம் வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பக்கத்து மாநிலமான இல்லினாய்க்காரர்கள் விஸ்கான்சின்காரர்களைச் 'சீஸ்ஹெட்' என்று கேலி செய்வது வழக்கம். 1987இல் மில்வாக்கியைச் சேர்ந்த ரால்ஃப் புருனோ என்பவர் வீட்டு சோபாவின் நுரைப்பஞ்சை வெட்டி, ஓட்டை போட்டு, சீஸ் துண்டு மாதிரித் தலையில் வைத்துக்கொண்டு பேஸ்பால் ஆட்டத்துக்குப் போனார். வசை மகுடமாகிவிட்டது. 2023இல் அந்தத் தொப்பிக் கம்பெனியைப் பேக்கர்ஸ் அணியே வாங்கிக்கொண்டது.

பூயா என்றால் என்ன?

எனக்குப் பிராட்டைவிடப் பூயாதான் பிடிக்கும், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். கிரீன் பேயைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் பிரபலமான குழம்பு இது, மற்ற ஊர்க்காரர்கள் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. பெல்ஜியத்தின் வாலோனியப் பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்து காடு திருத்திக் குடியேறியவர்களோடு சேர்த்துத்தான் இந்த ஊர்க்காரர்கள் இதன் கதையைச் சொல்வார்கள். கொதிநீர்ச் சாறு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் திரிந்து பூயா ஆயிற்று என்பது பலர் சொல்லும் விளக்கம்.

கோழி, மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், செலரி, பட்டாணி, வெங்காயம், தக்காளி எல்லாம் ஒரே கொப்பரையில். சர்ச் விழாவுக்குச் செய்யும் கொப்பரை 200 லிட்டர் பிடிக்கும். விறகு அடுப்பில் ராத்திரியே ஏற்றிவிடுவார்கள், படகுத் துடுப்பு மாதிரி ஒரு மரக்கரண்டியால் முறைவைத்துக் கிண்டுவார்கள். கோயில் அன்னதானக் கூடத்தில் நடுராத்திரியில் சாம்பார் அண்டாவைச் சுற்றி ஆண்கள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாகத் தெரியாது. எலும்பிலிருந்து இறைச்சி தானாகக் கழன்று நார்நாராகி, கிழங்கு கரைந்து குழம்பு கெட்டியாகும். பார்க்கிங்கில் அதையே சின்ன அளவில், கேஸ் அடுப்பில் பெரிய குண்டானில் வைத்திருப்பார்கள். காகிதக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே உப்பு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுக் கையில் கொடுப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே குளிரடிக்கும்போது அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆவியை முகத்தில் வாங்குவது தனிச் சுகம்.

மைனஸ் குளிரிலும் வெளியே நின்று சமைக்கிறார்களா?

ஆமாம். 1967 டிசம்பர் 31 அன்று லேம்போ ஃபீல்டில் டல்லஸ் கௌபாய்ஸுக்கு எதிராக நடந்த சாம்பியன் ஆட்டம் மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் தொடங்கியது. தரைக்கு அடியில் பதித்திருந்த சூடேற்றும் கம்பிகள் பலன் தரவில்லை, புல் பனிக்கட்டியாக உறைந்தது. நடுவரின் உலோக விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டதால் மீதி ஆட்டத்தை விசில் இல்லாமல் நடத்தினார்கள். கடைசி நொடிகளில் பேக்கர்ஸ் வீரர் பார்ட் ஸ்டார் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்ட, அணி 21-17 என்று வென்றது. கூட்டம் எழுந்து போகவில்லை. 'ஐஸ் பௌல்' என்று இன்றும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

நடைமுறையில் சில விஷயங்கள். காலுக்குக் கீழே அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து அதன்மேல் நில்லுங்கள், குளிர் தரையிலிருந்துதான் ஏறும். ஜீன்ஸ் வேண்டாம், உள்ளே கம்பளி. ஐஸ் பெட்டியை ஜனவரியிலும் எடுத்து வருவார்கள், பானங்கள் உறைந்து வெடிக்காமல் காப்பாற்றுவதற்காக. ஒரு டிசம்பரில் எங்கள் கடுகு சாஸ் பாட்டில் கல்லாகிவிட்டது. பக்கத்து வண்டிப் பெரியவர் தன் கோட்டின் உள்பைக்குள்ளிருந்து தன்னுடைய பாட்டிலை எடுத்து நீட்டினார், உடம்புச் சூட்டில் இளகியிருந்தது.

தெரியாதவர்களோடு போய்ச் சாப்பிடலாமா? கூச்சமாக இருக்கிறதே.

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். வெறுங்கையோடு போக வேண்டாம் என்பதைத் தவிர வேறு விதியில்லை. ஒரு பாக்கெட் ரொட்டி, ஒரு பை கரி, ஒரு தட்டு இனிப்பு, எதுவானாலும் போதும். யாராவது அடுப்பருகே நின்றால் "என்ன சமைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் பதில் சொல்வதற்கு முன் தட்டை நீட்டுவார்கள். நம்மிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பது மாதிரி இங்கே அந்தக் கேள்வி வேலை செய்கிறது. நாங்கள் இங்கே வந்த முதல் இரண்டு வருடம் அலுவலகத்தில் சக ஊழியர்களின் குழந்தைகள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கரி அடுப்பைச் சுற்றி நின்றதில் யாருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யார் பண்ணையை விற்றுவிட்டார்கள், யாருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் எல்லாம் தெரிந்தது. புதிதாக வருபவர்களை நான் வலிந்து கூப்பிடுவது இதற்காகத்தான்.

டிக்கெட் இல்லாமல் போகலாமா?

தாராளமாக. தெருப் புல்வெளிகளில் நிறுத்த டிக்கெட் தேவையில்லை. ஆட்டம் தொடங்கியதும் பாதிப்பேர் உள்ளே போவார்கள், மீதிப்பேர் வெளியே டிவியோ ரேடியோவோ வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். முதலில் உள்ளே ஒரு சத்தம் எழும், சில நொடி கழித்து டிவியில் அந்தக் காட்சி வரும். உள்ளே போவதாக இருந்தால் கைப்பை உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும், 2013 முதல் இந்தத் தொழில்முறை லீக்கின் எல்லா ஸ்டேடியங்களிலும் இந்த விதி.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு என்ன கிடைக்கும்?

சீஸ் கர்ட், மேல்தோலோடு சுட்டு வெண்ணெயில் முக்கிய சோளம், பழம், சிப்ஸ், பிரவுனி கிடைக்கும். பார்த்தால் சைவம் மாதிரித் தெரிந்து ஏமாற்றுபவை இரண்டு: ஜெர்மன் உருளைக்கிழங்கு சாலட்டில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் இருக்கும், பீன்ஸ் தட்டிலும் பெரும்பாலும் பன்றி இறைச்சி கலந்திருக்கும். கண்டிப்பான சைவர்கள் சீஸ் லேபிளில் திரிப்பதற்கு என்ன பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பதும் உண்டு, நுண்ணுயிரியில் செய்வதும் உண்டு. அடுத்தவர் அடுப்பில் உங்கள் சோளத்தைச் சுட வேண்டுமென்றால் அலுமினியத் தாளைச் சுற்றிக் கொடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பன்றியும் மாடும் சாப்பிடாதவர்களுக்குக் கோழி பிராட் கடைகளில் கிடைக்கிறது.

நாங்கள் எடுத்துப்போவது மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய சின்ன இட்லி, கொண்டைக்கடலைச் சுண்டல், குடைமிளகாயோடு கம்பியில் கோத்த பனீர். இட்லி குளிரில் விறைத்துவிடும் என்று ஹாட்பேக்கில் போடுவாள் என் மனைவி. எங்கள் சுண்டல் கிண்ணத்தில் தேங்காயைப் பார்த்துவிட்டு அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி: "இதைப் பிராட் மேலே போடலாமா?" போட்டார். இப்போது வருடா வருடம் கேட்கிறார்.

மற்ற ஊர்களில் எப்படி?

ஒவ்வொரு ஊரும் அதன் மண்ணையே சமைக்கிறது. கன்சாஸ் சிட்டியில் மாட்டு நெஞ்சுக்கறியை ஹிக்கரி மரப் புகையில் பத்து பன்னிரண்டு மணி நேரம் வைப்பார்கள். அதன் கொழுத்த முனையை வெட்டி மறுபடி புகையில் போட்ட கருந்துண்டுகள்தான் அங்கே உயர்ந்த விருந்து. அந்த ஊர் ஏரோஹெட் ஸ்டேடியத்தில் 2014இல் ரசிகர்களின் கூச்சல் 142.2 டெசிபல் என்று அளந்தார்கள். பஃபலோவில் கோழி இறக்கை. 1964இல் அந்த ஊர் ஆங்கர் பாரில் பிறந்ததாகச் சொல்லப்படும் பண்டம், காரமான மிளகாய் சாஸும் வெண்ணெயும் புரட்டியது. அங்கே சில இளைஞர்கள் மடக்கு மேசை மேல் குதித்து உடைப்பார்கள், குழந்தைகளோடு போனால் தள்ளி நில்லுங்கள்.

கல்லூரி ஆட்டங்களில் லூசியானா மாநிலத்தின் பாட்டன் ரூஜுக்கு ஒருமுறை போக வேண்டும் என்பது என் ஆசை. ஆட்டம் பெரும்பாலும் ராத்திரியில், அதனால் பகல் முழுக்கச் சமையல். ஜம்பலாயா என்பது இறைச்சியும் சாசேஜும் போட்டு ஒரே பாத்திரத்தில் செய்யும் சோறு. கம்போ என்ற குழம்பின் பெயர் ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கையில் பிறந்த சமையல் அது. 'கேட்டர்ஸ்' என்ற முதலைப் பெயருள்ள ஃபுளோரிடா அணி வரும் வாரத்தில் முழு முதலையைச் சுடுபவர்கள் உண்டு. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் 'தி குரோவ்' என்ற மரத்தோப்பில் பார்க்கிங்குக்குப் பதில் கூடாரங்கள். தீ மூட்ட அனுமதியில்லை. வீட்டில் பொரித்த கோழியை வெள்ளித் தட்டில் அடுக்கி, கூடாரத்துக்குள் சரவிளக்கு தொங்கவிட்டிருப்பார்கள். டென்னசியின் நாக்ஸ்வில்லிலும் சியாட்டிலிலும் ஸ்டேடியம் தண்ணீரோரம் என்பதால் படகிலேயே வந்து கட்டிச் சமைக்கிறார்கள். நாக்ஸ்வில்லில் அதை 1962இல் தொடங்கியவர் ஆட்ட வர்ணனையாளர் ஜார்ஜ் மூனி, சாலை நெரிசலைத் தவிர்க்க ஆற்றில் வந்தார்.

குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது?

கார்ன்ஹோல். சாய்வாக வைத்த பலகையில் ஆறு அங்குல ஓட்டை, 27 அடி தள்ளி அதேபோல இன்னொரு பலகை. சோளம் அடைத்த துணிப்பையை எறிய வேண்டும். ஓட்டையில் விழுந்தால் 3, பலகையில் நின்றால் 1, 21 எடுத்தால் வெற்றி. ஐந்து வயதுக் குழந்தையும் தாத்தாவும் ஒரே கட்சியில் ஆடலாம்.

மது குடிக்காவிட்டால் தவறாக நினைப்பார்களா?

மாட்டார்கள். சூடான ஆப்பிள் சாறு, ஹாட் சாக்லேட் எல்லா வண்டியிலும் இருக்கும். மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஓட்டுபவர் தொடக்கூடாது, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

உணவு கெடாமல் இருக்க என்ன செய்வது?

வெளியே எடுத்த சாப்பாட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், செப்டம்பர் வெயிலில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பச்சை இறைச்சிக்குத் தனிப் பெட்டி, தனி இடுக்கி. கோழி 74 டிகிரி வரை வேக வேண்டும். கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ காருக்குள்ளோ எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள், குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று தோன்றும், அதன் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. அணைந்த மாதிரித் தெரியும் கரியைக் குப்பைத்தொட்டியில் கொட்டவும் கூடாது. பார்க்கிங்கில் சூட்டுக்கரிக்கென்று உலோகத் தொட்டிகள் வைத்திருப்பார்கள்.

எதிரணி ரசிகர்களோடு சண்டை வருமா?

கேலி உண்டு, அதுவும் சிகாகோ பேர்ஸ் ரசிகர்கள் வந்தால் நிறைய உண்டு. 1921 முதல் இந்த இரண்டு அணிகளும் மோதிக்கொண்டிருக்கின்றன. ஆனால் பேர்ஸ் சட்டை போட்டவர் அடுப்பருகே வந்தால் முதலில் தட்டு, பிறகுதான் கேலி.

ஆட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடலாமா?

வேண்டாம். எண்பதாயிரம் பேரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள். ஓரத்தில் ஒதுக்கிய கரியை ஊதி மறுபடி கிளறுவார்கள், மிஞ்சிய பூயாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுடவைப்பார்கள். அணி தோற்ற நாளில் யாரும் அதிகம் பேசுவதில்லை, கிண்ணம் மட்டும் கைமாறிக்கொண்டிருக்கும். போன ஜனவரியில் அப்படி ஒரு சாயங்காலம், நாங்கள் வண்டி நிறுத்தும் புல்வெளி வீட்டு அம்மா வாசல் விளக்கைப் போட்டுவிட்டு எங்கள் அடுப்பருகே வந்து நின்றார். கடைசி இரண்டு இட்லியைச் சூடான தட்டில் வைத்துக் கொடுத்தோம். மிளகாய்ப்பொடியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் நீரோடு, "அடுத்த வருஷம் இதைக் கொஞ்சம் அதிகமாகக் கொண்டு வாங்க" என்றார்.